எரியாத லைட்டுக்குப் பயந்த மனிதர்

பிஸ்மில்லாஹ். இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஏழு மாரி போய்விட்டது. முதல் வருஷமே ஒரு கொப்பி வாங்கினேன். ‘அவர் நல்ல மனிதர்’ என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். அடுத்த வரியில் நான் வர வேண்டும். அதோடு கொப்பியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். இப்போது அதே கொப்பியை எடுத்துத்தான் எழுதுகிறேன். பக்க ஓரம் எல்லாம் பழுத்துப் போயிருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கல்முனையில் சின்னதாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. அதற்கு அல்லாஹ் சாட்சி.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவர் இருந்தால் விரும்பமாட்டார். வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்தவர். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் தகரக் கொட்டில்தான் அவருடைய கராஜ். உப்புக் காற்றில் அந்தத் தகரம் எல்லாம் துரு ஏறி, வெயில் நேரத்தில் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் அவருடைய முதுகில் விழும். தனி ஆள். எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எந்த வாகனம் வந்தாலும் காக்கா முதலில் பொனட்டைத் திறக்கமாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் ஆசனத்தில் ஏறி உட்காருவார். பிஸ்மி சொல்லிச் சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் பாதி திருப்புவார். அப்போது டேஷ்போர்டில் இருக்கிற எச்சரிக்கை லைட் எல்லாம் ஒன்றாக எரியும் அல்லவா? அதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். “ஒண்டு, ரெண்டு, மூணு…” பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டு டாப்பு எடுக்கிற மாதிரி. எண்ணி முடித்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணுவார்.

“எல்லா லைட்டும் முதல்ல எரியணும், மறுகா அணையணும். அணையாத லைட்டுக்கு நான் பயமில்ல. அது வாயத் தொறந்து கதைக்கிது. எரியாமக் கிடக்கிற லைட்டுக்குத்தான் எனக்குப் பயம்” என்பார்.

ஒருமுறை சாய்ந்தமருதில் இருந்து ஒரு வியாபாரி வந்தார். புதிதாக வாங்கிய வேன். நான் அங்கேதான் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

“காக்கா, மற்றவனுகள்ற வண்டி எல்லாம் கல்யாண வீடு மாதிரி லைட் போடுது. என்ட வேனப் பாருங்க, ஒரு லைட்டும் எரியிதில்ல!”

“சாவி போடக்குள்ளயும் எரியிதில்லியா?”

“இல்லெண்டன். சுத்தம்.”

“அப்ப இறங்கி நில்லுங்க ஹாஜியார்.”

“ஏன் காக்கா?”

“இந்தக் கொட்டில்ல எனக்கு நாலு மரமும் கொஞ்சம் தகரமும்தான் இரிக்கி. அதயும் நீங்க இடிச்சிட்டுப் போனா நான் எங்க போற?”

கழற்றிப் பார்த்தால் ஒயில் லைட்டோடு சேர்த்து எல்லாப் பல்பையும் யாரோ பிடுங்கி எடுத்திருக்கிறான். எஞ்சினில் ஒயில் வற்றி அடியில் கிடந்தது. வியாபாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். காக்கா சிரிக்கவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் பழக்கம் வாகனத்தோடு நிற்கவில்லை. எங்கள் பள்ளிவாசலில் ஒரு பெரியவர் இருந்தார். ஃபேன் கூடினாலும் ஏசுவார், குறைந்தாலும் ஏசுவார், செருப்பைக் கோணலாக விட்டாலும் ஏசுவார். ஒரு நாள் சுபஹுத் தொழுகையில் அவர் ஒருவரையும் ஏசவில்லை. எங்களுக்கெல்லாம் நிம்மதி. காக்கா மட்டும், “அந்த மனிசன் இண்டைக்குக் கத்தல்ல” என்று சொல்லிக்கொண்டு அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போனார். பெரியவருக்கு வாய் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கியிருந்தது. நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபடியால் தப்பினார். சுகமாகி வந்து முதல் ஏசினது காக்காவைத்தான். “என்னத்துக்குடா என்ட பொறத்தால வந்த நீ?” காக்காவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

இனி என்னுடைய கார்.

பழைய கார்தான், ஆனால் நல்ல ஓட்டம். அதில் ஏ.பி.எஸ். லைட் எரியத் தொடங்கியது. சடுதியாக பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. இரண்டு கராஜுக்குக் கொண்டு போனேன். மெஷினைச் செருகி அழித்துத் தந்தார்கள். இரண்டு நாள் அணைந்திருக்கும், பிறகு எரியும். கடைசியில் காக்காவிடம் வந்தேன்.

அவர் சாவியைத் திருப்பி எண்ணினார். “பத்து. எல்லாம் உசிரோட இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ். இது எப்ப எரியுது?”

“நினைச்ச நேரம் எல்லாம் எரியிது காக்கா.”

“அதுக்கு நினைக்கத் தெரியாது தம்பி. உனக்குத்தான் தெரியும். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் எழுது. எங்க போனாய், எந்த ரோட்டால வந்தாய், எப்ப எரிஞ்சிது.”

எனக்குக் கோபம் வந்தது. கார் திருத்த வந்தவனுக்கு வீட்டுப்பாடம் தருகிறாரே என்று. ஆனாலும் எழுதினேன். அவர் அந்தத் தாள் துண்டைப் பார்த்துவிட்டு, “வரிப்பத்தான்சேனைக்கு என்னத்துக்குப் போற?” என்று கேட்டார்.

“அங்க வயல் இரிக்கி. அறுவடை நடக்குது.”

“ரோட்டில வைக்கோல் காயப் போட்டிரிக்கா?”

“ரோடே தெரியாத அளவுக்கு.”

“அதுக்கு மேலால ஏத்தி வாறாய்.”

“பின்ன பறந்தா வாற?”

ஜாக் அடித்துப் பின் சில்லைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு இழுத்தார். வைக்கோல் வந்தது. சும்மா வைக்கோல் இல்லை. சில்லோடு சேர்ந்து சுற்றிச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகி, சூட்டில் கறுத்து, கை நீளத்துக்கு. அது அங்கே இருந்த மெல்லிய வயரை அரைத்து வைத்திருந்தது. சில்லு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்கிற சென்சரின் வயர். இரண்டு கராஜில் மெஷின் போட்டும் காணாததை, போன ரோட்டைக் கேட்டு இவர் கண்டுபிடித்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வயரை ஈயம் வைத்துப் பற்ற வைத்தார். லைட் அணைந்தது.

நாலாம் நாள் திரும்ப எரிந்தது. கொண்டு போனேன். அன்றைக்கு அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். காக்கா மறுபடி கழற்றிப் பார்த்துவிட்டு, அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார்: “என்ட பிழை தம்பி. வயரக் கண்ட சந்தோஷத்தில மற்றதத் தேடாம விட்டுட்டன்.” சென்சருக்குப் பக்கத்தில் பல்லுப் பல்லாக ஒரு வளையம் இருக்கிறது. அதில் முடி போல ஒரு வெடிப்பு. விரலால் தடவினால்தான் தெரியும். கொழும்பில் இருந்து எடுக்க வேண்டும், சில கிழமை ஆகும் என்றார்.

“அதுவரைக்கும் லைட் எரியட்டும். பிரேக் பிடிக்கும். ஆனா மழை ரோட்டில உறுக்கிப் பிடிச்சா சில்லு இறுகிப் போகும், ஸ்டேரிங் உன்ட சொல்லுக் கேக்காது. மெதுவா ஓடு.”

அந்தக் கிழமைதான் மூத்த மகளுக்குச் சம்பந்தம் முடிவானது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் நிக்காஹ். சுவர் எழும்பி நின்ற வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. காரை விற்கத் தீர்மானித்தேன். ஆலையடிவேம்பில் இருந்து முஸ்லிம் இல்லாத ஒரு தமிழ் ஆள், வாடகைக்கு ஓடுகிறவர், சனிக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்.

நான் காக்காவிடம் போனேன். “ஒரு கிழமைக்கு அந்த பல்பக் கழட்டித் தாங்களன்” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஏசவில்லை. “எனக்கு ஏலா தம்பி” என்றார். பிறகு சொன்னார்: “மனிசன்ட ஐபை, குறைபாட்ட மறைச்சா அல்லாஹ் நம்மட ஐபை மறைப்பான். விக்கிற சாமான்ட ஐபை மறைக்கிறதுக்கு நமக்கு அனுமதி இல்ல. குறையச் சொல்லி வில்லு. வளையம் வந்ததும் நான் போட்டுத் தருவன் எண்டும் சொல்லு. வாங்கிற ஆள் வாங்குவான்.”

“சரி காக்கா, சொல்றன்” என்றேன்.

இனி எழுதப் போவதுதான் ஏழு வருஷம் என் கையைப் பிடித்தது.

உம்றாவுக்குப் போய் வந்த சொந்தக்காரர் ஒருவர் பேரீச்சம்பழத்தோடு தங்க நிறத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒன்றும் தந்திருந்தார். அரபு எழுத்தில் மாஷா அல்லாஹ். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, காருக்குள் ஏறி, அந்த லைட் எரிகிற இடத்துக்கு மேலே அளவாக அதை ஒட்டினேன். பிஸ்மி சொல்லித்தான் ஒட்டினேன். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகும் என் கை நிற்கவில்லை. யா அல்லாஹ், அல்லாஹ்வின் பெயரைக் கொண்டே மறைத்தேன்.

மறுநாள் அந்த மனிதர் வந்தார். ஓட்டிப் பார்த்தார். ஸ்டிக்கரைக் கண்டு, “இது என்ன எழுத்து காக்கா?” என்று என்னைக் கேட்டார்.

“நல்ல வார்த்தை தம்பி. அல்லாஹ்ட பேர். கண்ணூறு படாம இருக்க.”

அவர் அதை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அப்ப இருக்கட்டும். நான் கழட்டமாட்டன்” என்றார்.

அந்த இடத்திலாவது எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வளையம் வந்ததும் காக்கா கேட்டார். “குறையச் சொல்லி வித்தியா?”

“ஓம் காக்கா.”

“அப்ப அந்தத் தம்பிய அனுப்பு. சாமான் மேல தட்டில இரிக்கி.”

“சொல்லியிரிக்கன். வருவார்.”

இன்னொரு தடவையும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். வளையப் பெட்டி தட்டில் தூசி பிடித்துக்கொண்டிருந்தது. மாரி தொடங்கியது.

ஒரு காலை காக்கா போன் எடுத்துக் கூப்பிட்டார். “தம்பி, கொட்டிலுக்கு வா. இப்பவே.”

போனேன். என் பழைய கார் நின்றது. கண்ணாடி வரைக்கும் சேறு. முன் பக்கம் நசுங்கி, அதில் வாய்க்கால் புல் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்த ஆலையடிவேம்பு மனிதர், கையில் பேண்டேஜ். மனைவியை ஏற்றிக்கொண்டு நாவிதன்வெளிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மழை. எருமை ஒன்று குறுக்கே வந்தது. உறுக்கிப் பிடித்தார். சில்லு இறுகிவிட்டது. ஸ்டேரிங்கைத் திருப்பத் திருப்ப கார் நேராகவே வழுக்கிப் போய் வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறது. மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில்.

“ஸ்டேரிங் என்ட சொல்லுக் கேக்கல்ல” என்றார் அவர். காக்கா என்னிடம் சொன்ன அதே சொல்.

காக்கா ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பது.

“இதில பத்து இரிக்கணும். நான் எண்ணின கார் இது” என்றார். பிறகு அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். “இது?”

“அது உங்கட சாமிட பேர் எண்டு இந்தக் காக்காதான் சொன்னார்” என்று அந்த மனிதர் என்னைக் காட்டினார். “நான் கையே வைக்கல்ல. வண்டி கழுவக்குள்ளயும் அதில அழுக்குத் தண்ணி படாமப் பாத்துக்கொண்டன்.”

காக்கா இறங்கிப் போய், தொழுகைக்குக் கை கால் கழுவுகிற மாதிரி வுழூச் செய்துவிட்டு வந்தார். வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, கிழியாமல் அதை உரித்து எடுத்தார். அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மாதக் கணக்காக அங்கே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்த மனிதர் குனிந்து பார்த்து, “இது எப்ப இருந்து எரியுது?” என்று கேட்டார்.

காக்கா என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம். அது எனக்காகத் தந்த நேரம். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எனக்குத் தெரியும் தம்பி” என்றார் காக்கா. “இதில இந்தக் குறை இரிக்கெண்டு விக்க முந்தியே எனக்குத் தெரியும். போடுற சாமானும் இந்தா தட்டில கிடக்குது. நான் உங்களத் தேடி வந்து சொல்லியிருக்கணும். வரல்ல. என்ட பிழை.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் என்னைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் தெரியாதா காக்கா?” என்றார்.

“எனக்கு இதுகளப் பத்தி என்ன தெரியும் தம்பி” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். இதே வாயால்தான் ஐந்து நேரமும் ஓதுகிறேன்.

அவர் காக்காவைப் பார்த்துச் சொன்னார்: “உங்களப் பெரிய மனிசன் எண்டாங்க. தெரிஞ்சுகொண்டா இருந்தீங்க?” காக்கா தலையைக் குனிந்து நின்றார். அந்தக் காரை முழுக்கத் திருத்தி, வளையத்தையும் போட்டு, ஒரு சதமும் வாங்காமல் அனுப்பினார். உரித்த ஸ்டிக்கரை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து மடித்து என் கையில் தந்தார்.

“நல்ல இடத்தில வை” என்றார். அந்த விஷயத்தில் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு பள்ளியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுதோம். ஸலாம் சொல்வார். மகளுடைய வீட்டுக்கு வயர் இழுத்துத் தந்ததும் அவர்தான். அவர் முகத்தைத் திருப்பியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஆலையடிவேம்புப் பக்கத்து வாகனங்கள் மட்டும் அவரிடம் வருவது நின்றுபோனது. ஏனென்று ஊரில் கேட்டார்கள். “அவங்களுக்கு வேற ஆள் கிடைச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டு எண்ணுகிற வேலையைப் பார்த்தார்.

போன வருஷம் அவர் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் இமாம் வழக்கம் போல் கேட்டார்: இவர் பேரில் யாருக்கும் மனக்குறை இருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள். எல்லோரும் மன்னித்தோம் என்றார்கள். மன்னிக்காத ஒரு வீடு ஆலையடிவேம்பில் இருக்கிறது. அதை அவர் பேரில் எழுதி வைத்தவன் நான். அந்தச் சுமையோடு அவரைக் கபுறில் வைக்கிறோம்.

மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு ஆலையடிவேம்புக்குப் போனேன். அந்த மனிதர் இருந்தார். மனைவி பொல்லு ஊன்றிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கரை, பிஸ்மியை, இரண்டு தடவை சொன்ன ஓமை, எல்லாவற்றையும். கடைசியில், “என்னை விடுங்க. அவர மட்டும் மன்னிச்சிருங்க. அவர் மௌத்தாயிட்டார்” என்றேன்.

“செத்துப் போயிட்டாரா?” என்றார் அந்த அம்மா. “இந்த மாசம் காணல்ல எண்டு நினைச்சன்.”

எனக்கு விளங்கவில்லை.

“மாசத்தில ஒருக்கா வருவார். அந்தா, அந்த வாசல் கடப்படியிலதான் நிற்பார். ‘தங்கச்சி, கால் எப்படி?’ எண்டு கேப்பார். நான் ஒரு நாளும் முகம் குடுத்துக் கதைக்கல்ல. ஏறி இரிங்க எண்டு சொல்லல்ல. மழைக்குள்ளயும் நிண்டு கேட்டுட்டுப் போவார்.” பொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். “ஆறு வருசம், தண்ணி ஒரு மிடறு குடுக்கல்லயே நான்.”

அந்த மனிதர் எழும்பி முற்றத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். “அவர் இருக்கக்குள்ள ஏன் வரல்ல நீங்க?” என்றார்.

“அவர மன்னிக்க எங்களிட்ட ஒண்டும் இல்ல” என்றார். “உங்கள மன்னிக்க எனக்கு நாள் வேணும். ஆனா நான் ஒரு வேலை செய்திருக்கன். இந்தப் பக்கம் எல்லாம் அவரக் கள்ளன் எண்டு சொல்லித் திரிஞ்சன். கண்ட ஆள், காணாத ஆள் எல்லாருக்கும் சொன்னன். அத நான் எப்படித் திருப்பி எடுக்கிற? நடந்தத எல்லாரும் அறிய நீங்கதான் எழுதணும்.”

எழுதிவிட்டேன். அந்த ஸ்டிக்கர் இன்னும் வெள்ளைத் தாளுக்குள் இருக்கிறது. நல்ல இடம் என்று குர்ஆனுக்குள் வைக்கப் போனேன், கை கூசியது. இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆலையடிவேம்புப் பக்கம் போனால் அங்கேயும் சொல்லுங்கள். அவரை அவுலியா, மகான் என்று ஆக்க வேண்டாம், அவர் அதற்கும் வெட்கப்படுவார். நடந்ததில் ஒன்றும் கூட்ட வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு என் பங்கைக் குறைக்கவும் வேண்டாம். பத்து என்றால் பத்தையும் எண்ணிச் சொல்லுங்கள்.